எஞ்சினை மாத்தினா அது பழைய வாகனமா, புது வாகனமா?

கடந்த கிழமை தரம் 11 வகுப்பில் கைத்தொழிற் புரட்சி படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினுக்கு வந்தபோது பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கையை உயர்த்தினான். "சேர், எஞ்சினை மாத்தினா அது பழைய வாகனமா, புது வாகனமா?" வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

இடைவேளையில் கூப்பிட்டு விசாரித்தேன். வீட்டில் கஷ்டம், வாப்பாவின் பழைய கெப்பை விற்கப் பார்த்திருக்கிறார்கள். வாங்க வந்தவர் பொனட்டைத் திறந்து எஞ்சின் இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். ஒத்து வரவில்லை. "இது ஒரிஜினல் இல்ல" என்று சொல்லி, பாதி விலைக்குக் கேட்டுவிட்டுப் போய்விட்டாராம். சில வருஷங்களுக்கு முன் வாப்பாதான் அதற்குக் கொஞ்சம் பெரிய, பாவித்த எஞ்சின் ஒன்றைப் போட்டவர். புத்தகத்தில் பதியாமல் விட்டுவிட்டார்.

அந்த "ஒரிஜினல்" என்ற சொல் என்னை விடவில்லை. வரலாறு படிப்பிக்கிற எனக்கு அந்தச் சொல்லில் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அமெரிக்காவின் ஒரு பழைய கெப்பின் கதையை அவனுக்குச் சொன்னேன். இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

1929ஆம் ஆண்டு மொடலுக்கு ஷெவர்லே நிறுவனம் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த நேரம் ஃபோர்டின் மொடல் ஏ காருக்கு நாலு சிலிண்டர்தான். நாலின் விலைக்கு ஆறு என்பதுதான் ஷெவர்லேயின் விளம்பரம். அதில் பூட்டியிருந்த ஆணிகள் விறகு அடுப்பில் பூட்டும் ஆணிகளைப் போல இருந்ததால் சனங்கள் அதை "ஸ்டோவ்போல்ட்" என்று கூப்பிட்டார்கள். 1937இல் அதைத் திருத்தி 216 கன அங்குலம், அதாவது சுமார் 3.5 லீட்டர், ஆக்கினார்கள். யுத்தம் முடிந்து 1947இல் வந்த அழகான உருண்டை மூக்கு ஷெவர்லே கெப்பிலும் இதுவே இருந்தது. 90 குதிரைவலு.

இந்த எஞ்சினுக்குள் ஒரு விசயம் இருக்கிறது. கிராங்கின் பிரதான பெயாரிங்குகளுக்கு ஒயில் பம்பிலிருந்து அழுத்தத்தோடு ஒயில் போகும். ஆனால் கொனெக்டிங் ரொட்டுக்குப் போகாது. ஒவ்வொரு ரொட்டின் அடியிலும் சின்னக் கரண்டி போல ஒன்று இருக்கும். ரொட் சுற்றி வரும்போது அது கீழே தொட்டியிலுள்ள ஒயிலை அள்ளிக்கொண்டு மேலே போகும். அகப்பையால் ஆணம் அள்ளுகிற மாதிரித்தான். அந்த ரொட்டின் பெயாரிங்கும் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதல்ல. ஐசாக் பாபிட் என்ற அமெரிக்கர் 1839இல் கண்டுபிடித்த, வெள்ளீயம் அதிகமுள்ள மெதுவான உலோகக் கலவையை உருக்கி ரொட்டிலேயே ஊற்றியிருப்பார்கள்.

கமக்காரனுக்கு இது போதும். மண் ரோட்டில் மெதுவாகப் போய்வருகிற வாகனம். ரொட் தட்டுகிற சத்தம் கேட்டால் அடித் தொட்டியைக் கழற்றி, மூடிக்குக் கீழே இருக்கும் மெல்லிய தகடு ஒன்றை எடுத்துவிட்டு இறுக்கிவிடுவார். தன் முற்றத்திலேயே செய்யக்கூடிய வேலை.

பிரச்சினை ரோட்டிலிருந்து வந்தது. 1956இல் ஐசன்ஹோவர் நெடுஞ்சாலைச் சட்டத்தில் ஒப்பமிட்டார். 41,000 மைல் பெருந்தெரு. அந்த கெப்பின் பின் அச்சின் பல் விகிதம் 4.11. மணிக்கு 60 மைலில் ஓடினால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 தடவை சுற்ற வேண்டும். கொஞ்ச நேரம் என்றால் தாங்கும். மணிக்கணக்கில் சுற்றினால் பாபிட் சூடாகித் தேய்ந்து போகும். அதைத் திரும்ப ஊற்றத் தெரிந்த தொழிலாளரும் வரவரக் குறைந்தார்கள்.

அதற்கிடையில் கொம்பனி எஞ்சினைத் திருத்திவிட்டது. 1954இல் இருந்து கெப்பிலும் 235 கன அங்குல எஞ்சின் வந்தது. 3.9 லீட்டர், 112 குதிரைவலு. எல்லாப் பெயாரிங்குக்கும் அழுத்தத்தோடு ஒயில், கழற்றி மாற்றக்கூடிய பெயாரிங். அடிபட்ட கார்களிலிருந்து இந்த எஞ்சின்கள் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. சனங்கள் வாங்கித் தங்கள் பழைய கெப்பில் பூட்டினார்கள். பழைய கியர் பொக்ஸ் இந்த எஞ்சினுக்கும் அப்படியே பொருந்தும். அதற்காகச் சும்மா தூக்கி வைத்துவிட முடியாது. 1955க்குப் பிந்திய எஞ்சினில் தண்ணீர்ப் பம்பின் வடிவம் வேறு, இடையில் ஒரு தகடு வைத்துப் பழைய பம்பைப் பூட்ட வேண்டும். மின்சாரம் 6 வோல்ட்டிலிருந்து 12க்கு மாறியதால் ஃப்ளைவீலில் 139 பல் இருந்த இடத்தில் 168 பல். பழைய ஸ்டார்ட்டரை வைத்துக்கொள்வதென்றால் பழைய ஃப்ளைவீலையும் வைத்துக்கொள்ள வேண்டும். பிரேக் அதே பழைய டிரம் பிரேக்தான். எஞ்சினை மட்டும் பெரிதாக்குகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள், நம் ஊரிலும்.

இளந்தாரிகள் 1955இல் வந்த வீ8 எஞ்சினைத் தேடிப் போனார்கள். அது வேறு கதை, சேஸியில் வெட்டு ஒட்டு வேலை கூட.

இனி நமக்குக் கிட்டிய ஒரு விசயம். நம் பகுதிகளில் நெல் ஏற்றி ஓடிய பெட்ஃபோர்ட் லொறிகளை மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பெட்ஃபோர்ட்டைச் செய்த இங்கிலாந்தின் வொக்ஸ்ஹோல் கொம்பனியை 1925இலேயே ஜெனரல் மோட்டர்ஸ் வாங்கிவிட்டது. ஷெவர்லேயும் அதே முதலாளியுடையதுதான். 1931இல் வந்த முதல் பெட்ஃபோர்ட் லொறியின் எஞ்சின் இதே ஷெவர்லே ஆறு சிலிண்டரிலிருந்து வந்தது. ஆனால் அதில் எல்லாப் பெயாரிங்குக்கும் அழுத்தத்தோடு ஒயில் போனது! (டொயோடாவும் தன் முதல் எஞ்சினை ஷெவர்லே ஆறைப் பார்த்துத்தான் செய்தது. 1935இல் வந்த அவர்களின் ஜீ1 லொறியில் இருந்தது அதுதான்.)

அப்படியென்றால் 1931இல் ஒரே முதலாளிக்கு நல்ல வழி தெரியும். அமெரிக்கக் கெப்புக்கு அது வர 1954 ஆனது. 23 வருஷம். ஏன்? மலிவான முறையே நன்றாக விற்றது, மாற்ற அவசரம் இருக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். நாம் "ஒரிஜினல்" என்று மரியாதை கொடுக்கிறது பல நேரம் தொழிற்சாலைக் கணக்காளர் அன்று எடுத்த முடிவுக்குத்தான். பிறகு எஞ்சினை மாற்றிய கமக்காரன் அந்த முடிவைத் தன் காசில் திருத்தினான்.

ஆனால் கடதாசி விசயத்தில் வாங்க வந்த மனிதர் சொன்னதை நான் தள்ளமாட்டேன். அமெரிக்காவிலும் 1950கள் வரை பல மாநிலங்களில் வாகனத்தின் அடையாளமே எஞ்சின் இலக்கம்தான். எஞ்சின் மாறினால் கடதாசியின்படி வாகனமே மாறிவிட்டது. களவு வாகனமா என்று கேள்வி வரும். சிலர் பழைய இலக்கத்தைப் புது எஞ்சினில் வெட்டி வைத்தார்கள், இன்று அந்த கெப்களை வாங்குகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நம்மிடம் சேஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் இரண்டும் புத்தகத்தில் இருக்கிறது. எஞ்சினை மாற்றுவது குற்றமில்லை, பதியாமல் விடுவதுதான் பிழை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் ஒரு கேள்வி கேட்டான்: "அப்ப வாப்பா பொய் சொல்லல்லதானே சேர்?" அவனுக்கு எஞ்சினைவிட இதுதான் பெரிசாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. "இல்லை மகன், எழுத மறந்திட்டார்" என்றேன்.

பாவித்த எஞ்சின் வாங்கின கடையின் பற்றுச்சீட்டு வீட்டு அலுமாரியில் இருக்கிறதாம். திங்கட்கிழமை வாப்பா அதையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகிறார்.