எக்ஸ்ஃபேட்டும் என்டிஎஃப்எஸ்ஸும்: லினக்ஸ் கேர்னலுக்குள் இரு பாதைகள்

பல்லேகமவிலிருந்து நக்கிள்ஸ் மலைப்பக்கம் ஏறுபவரின் கமராவில் 64 ஜிபி மெமரி காட் இருந்தால், அதில் உள்ள கோப்பு முறைமை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட். அந்தப் படங்களைக் கொட்டி வைக்கும் வெளி ஹாட் டிஸ்க்கை விண்டோஸில் ஃபோர்மட் செய்திருந்தால், அநேகமாக என்டிஎஃப்எஸ். இரண்டுமே மைக்ரோசொஃப்ட் வகுத்தவை. இரண்டையும் இன்று லினக்ஸ் கணினியில் செருகி வேலை பார்க்கலாம். அந்த நிலைக்கு அவை வந்த வழிகள்தாம் வேறு.

எக்ஸ்ஃபேட் அமைப்பிலேயே எளியது. டிஸ்க்கில் எந்த இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்ட ஒரு பிட் வரைபடம். கோப்பு சிதறிக் கிடந்தால் அடுத்த துண்டைக் காட்ட ஓர் அட்டவணை. கோப்பு தொடர்ச்சியாக இருந்தால் அட்டவணையைத் தொடவே வேண்டாம். மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜேர்னல் கிடையாது. லினக்ஸுக்குள் வரத் தடையாக நின்றது மைக்ரோசொஃப்டின் காப்புரிமை. 2013இல் சம்சுங்கின் எக்ஸ்ஃபேட் டிரைவர் நிரல் இணையத்தில் கசிந்தது. அதே ஆண்டில் நிறுவனம் அதை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. அப்போதும் அது லினக்ஸின் மையமான கேர்னலுக்குள் போகவில்லை. 2019 ஆகஸ்டில் மைக்ரோசொஃப்ட் விவரக்குறிப்பை வெளியிட்டு, கேர்னலில் சேர்ப்பதை ஆதரிப்பதாகவும் அறிவித்த பின்னர்தான் கதவு திறந்தது. பழைய சம்சுங் நிரலைத் திருத்திய டிரைவர் ஒன்று கேர்னலின் 5.4 பதிப்பில், இன்னும் பக்குவப்படாத நிரல்களுக்கான ஸ்டேஜிங் பகுதிக்கு வந்தது. 2020 மே மாதத்து 5.7இல், சம்சுங்கின் நம்ஜே ஜியோனும் சங்ஜோங் சியோவும் கொடுத்த புதிய டிரைவர் அதன் இடத்தைப் பிடித்தது. ஆவணம் கிடைத்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. நிரலைத் தொடர்ந்து கவனிக்க ஆள் வேண்டியிருந்தது, ஆளும் கிடைத்தார்.

என்டிஎஃப்எஸ்ஸுக்கு அப்படியொரு முழுமையான ஆவணம் வரவே இல்லை. டிஸ்க்கில் கிடக்கும் பைட்டுகளிலிருந்து ஊகித்தே 1990களில் மார்ட்டின் ஃபொன் லோவிஸ் முதல் டிரைவரை எழுதினார். அன்டன் அல்டபார்மகோவ் புதிதாக எழுதியது 2002இல் சேர்ந்தது. வாசிப்பு ஒருவாறு கைவந்தது, எழுதுவதில்தான் வில்லங்கம். ஒவ்வொரு கோப்புக்கும் மாஸ்டர் ஃபைல் டேபிளில் ஒரு பதிவு, வழக்கமாக 1024 பைட். சில நூறு பைட் கொண்ட சிறு கோப்பின் உள்ளடக்கம் அந்தப் பதிவுக்குள்ளேயே அடங்கிவிடும். அதில் நாலு பந்தி கூட்டிப் பாருங்கள்: உள்ளடக்கத்தை வெளியே எடுத்து, டிஸ்க்கில் புது இடம் பிடித்து, அந்த இடத்தின் விவரத்தைப் பதிவில் சுருக்கி எழுதி, கோப்புறையின் பெயர் மரத்திலும் அளவை மாற்ற வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் மீள்வதற்கு ஜேர்னலும் சரியாக இருக்க வேண்டும். அல்டபார்மகோவின் டிரைவர் ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுதியதே தவிர, புதுக் கோப்பு உருவாக்கத் துணியவில்லை.

அந்தக் குறையை நீக்கியது கேர்னலுக்கு வெளியே ஓடும் என்டிஎஃப்எஸ்-3ஜி. 2007இல் அதன் முதல் நிலையான பதிப்பு வந்தது. கோப்பு முறைமையைக் கேர்னலுக்கு வெளியே ஓடவிடும் ஃப்யூஸ் வழியாக ஒவ்வொரு வேண்டுகோளும் ஒரு சாதாரண புரோகிராமுக்குப் போய்த் திரும்புவதால் வேகம் குறையும். ஆனால் அது செயலிழந்தாலும் கணினி விழாது. எனக்கு இது நல்ல பேரமாகவே படுகிறது.

2020 ஆகஸ்டில் பராகன் நிறுவனம் கேர்னலுக்குள்ளேயே ஓடும் தன் என்டிஎஃப்எஸ் டிரைவரை, ஏறத்தாழ 27,000 வரிகளை, ஒரே பேட்சாக அனுப்பியது. இதை எப்படி வாசித்துச் சரிபார்ப்பது என்று கேர்னல்காரர்கள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. பிரித்து, திருத்தி, பல சுற்றுகளுக்குப் பின் 2021 அக்டோபரில் வெளியான 5.15இல் அது என்டிஎஃப்எஸ்3 என்ற பெயரில் சேர்ந்தது. மறு ஆண்டே, பராமரிப்பவரிடமிருந்து பதில் இல்லை என்ற முறைப்பாடு எழுந்தது. இதற்கிடையில் அல்டபார்மகோவின் டிரைவர் 2024இல் 6.9 பதிப்போடு நீக்கப்பட்டது.

2025 அக்டோபரில் இன்னொரு என்டிஎஃப்எஸ் டிரைவர் பரிசீலனைக்கு வந்தது. அனுப்பியவர் எக்ஸ்ஃபேட்டைக் கவனித்துவரும் அதே நம்ஜே ஜியோன். என்டிஎஃப்எஸ்3ஐத் திருத்துவதற்குப் பதிலாக, நீக்கப்பட்ட அல்டபார்மகோவ் நிரலையே அடித்தளமாக எடுத்து, எழுதும் வசதியை அதன்மேல் கட்டியிருந்தார். பழைய நிரல் விளக்கக் குறிப்புகளோடு வாசித்து விளங்கக்கூடியதாக இருப்பதை அதற்கு ஒரு காரணமாகச் சொன்னார்.