பாட் மிலெடிச்

பாட் மிலெடிச் (பிறப்பு: மார்ச் 9, 1968) அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த முன்னாள் கலப்புத் தற்காப்புக் கலை வீரரும் பயிற்றுநரும் ஆவார். வீரராகப் பெற்ற பட்டத்தைவிட, உருவாக்கிய மாணவர்களாலேயே இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

போட்டி வாழ்க்கை

டாவன்போர்ட்டில் பிறந்த மிலெடிச் பள்ளிக் காலத்தில் மற்போர் பயின்றவர். 1998 அக்டோபரில் பிரேசிலின் சாவோ பாவுலோவில் மைக்கி பர்னெட்டை வென்று, யூஎஃப்சி அமைப்பின் 77 கிலோ எடைப் பிரிவில் முதல் வாகையாளரானார். அப்போது லைட்வெயிட் எனப்பட்ட அப்பிரிவு பின்னர் வெல்டர்வெயிட் எனப் பெயர் மாற்றப்பட்டது. 2001 மே மாதம் கார்லோஸ் நியூட்டனின் கழுத்துப்பிடியில் பணிந்து பட்டத்தை இழந்தார்.

பயிற்றுநராக

போட்டியிட்ட காலத்திலேயே பெட்டன்டார்ஃபில் பயிற்சிக்கூடம் நடத்தினார். பல வீரர்கள் ஒரே கலையை நம்பியிருந்த அக்காலத்தில் இங்கு மற்போர், குத்துச்சண்டை, உதைச்சண்டை, ஜியு-ஜிட்சு ஆகியன ஒருங்கே கற்பிக்கப்பட்டன. பயிற்சிச் சண்டைகளின் கடுமைக்கும் இக்கூடம் பெயர்பெற்றது.

ஆசிரியர் இழந்த பட்டத்தை 2001 நவம்பரில் மாணவர் மாட் ஹியூஸ் மீட்டார். நியூட்டனின் முக்கோணப் பிடியில் சிக்கியிருந்த ஹியூஸ் அவரைத் தூக்கித் தரையில் அறைந்தார், நியூட்டன் நினைவிழந்தார். ஹியூஸும் அக்கணத்தில் நினைவிழந்திருந்தாரா என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது. அதே ஆண்டு ஜென்ஸ் பல்வரும், 2003இல் டிம் சில்வியாவும் வேறு பிரிவுகளில் வாகை சூடினர். இளவயதில் இங்குப் பயின்ற ராபி லாலர், வேறு கூடத்திற்கு மாறிப் பல ஆண்டுகளுக்குப் பின் 2014இல் வெல்டர்வெயிட் பட்டம் வென்றார்.

மிலெடிச் 2014இல் யூஎஃப்சியின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.