வெக்கை நோயும் பாரிஸ் தந்தியும்

வெக்கை நோய் என்றால் என் வயதுக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வாயெல்லாம் புண்ணாகும், கழிச்சல் காணும், சில நாட்களில் தொழுவமே காலியாகும். நான் கால்நடை ஆய்வாளராக இருந்த காலத்தில், மாட்டுக்கு நோய் கண்டால் ஊர்க்காரர்கள் சட்டென்று வாய் திறக்க மாட்டார்கள். சொன்னால் சந்தையை மூடிவிடுவார்களே என்ற பயம். நாடுகளுக்கும் இதே பயம்தான்.

1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குத் திமில் மாடுகளைக் கப்பலில் அனுப்பினார்கள். வழியில் அவை பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அங்கிருந்து வெக்கை நோய் பெல்ஜிய மாடுகளைப் பிடித்துக்கொண்டது. 1921-இல் பிரேசிலிலும் சாவோ பாவ்லோ பக்கம் அதே நோய் தலைகாட்டியது. இந்திய மாடுகள் இனி வேண்டாம் என்று பிரேசில் தடை போட்டது.

அந்த அதிர்ச்சியில் 1921-இல் பாரிஸில் பல நாடுகள் கூடிப் பேசின. 1924 ஜனவரி 25 அன்று 28 நாடுகள் ஒப்பந்தம் செய்து, கால்நடை நோய்களுக்கென ஓர் உலக அலுவலகத்தை அங்கே தொடங்கின. அதன் விதிகளில் முக்கியமானது, நோயில்லாத பகுதியில் வெக்கையோ கோமாரியோ புதிதாகத் தென்பட்டால் உடனே தந்தி கொடுக்க வேண்டும் என்பது.

தந்தி கொடுத்தால் வியாபாரம் நிற்கும். மறைத்தாலோ, விஷயம் வெளியானபின் அந்த நாட்டின் சான்றிதழை எவரும் நம்ப மாட்டார்கள். ஒரு பருவத்து நஷ்டமா, காலத்துக்கும் கெட்ட பெயரா என்பதுதான் கேள்வி.

உண்மையைச் சொன்னவருக்கு வழியும் பிறந்தது. கோமாரி இன்னும் ஒழியாத நம் நாடு எருமை இறைச்சியை எலும்பையும் நிணநீர்க் கட்டிகளையும் நீக்கிவிட்டு ஏற்றுமதி செய்கிறது. அறுத்த இறைச்சியைப் பக்குவமாக ஆறவிட்டால் சதையில் அமிலம் கூடிக் கோமாரிக் கிருமி செத்துவிடும். எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கட்டியிலும் அது தங்கிவிடும். அதனால்தான் அவற்றை நீக்குகிறார்கள். நோய் உள்ள நாடு என்று ஒரேயடியாக ஒதுக்காமல், எதை வாங்கலாம் என்று பிரித்துப் பார்க்க இந்த அறிவு உதவுகிறது.

2011-இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் அது. தடுப்பூசி பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் எந்த ஊரில் நோய் என்று யாராவது வாய் திறந்தால்தானே ஊசியோடு அங்கே போக முடியும்?