முருகைக்கல் வளர்வது எதனால்? வெளிச்சமும் வெப்பமும் இரையும்

நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்குள்ள வேலிகளை மறந்திருக்க மாட்டார்கள். கிடுகும் இல்லை, கதியாலும் இல்லை; சாந்து பூசாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய முருகைக்கற்கள். அதில் ஒன்றைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தால் தேன்வதையில் போலச் சிறு சிறு கிண்ணங்கள் தெரியும். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் குடியிருந்தது. அது தன் காலடியில் தானே போட்டுக்கொண்ட அத்திவாரத்தைத்தான் நாம் கல் என்று தூக்கி அடுக்குகிறோம்.

முருகை பாறையும் அல்ல, தாவரமும் அல்ல. ஜெலிமீனுக்கும் கடலனிமனிக்கும் உறவான விலங்கு. பொலிப்பு எனப்படும் அந்தச் சிறிய உடலின் அடித்தோலுக்கும் கீழே உள்ள வன்கூட்டுக்கும் இடையில் மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று அடைபட்டிருக்கிறது. முருகை கடல்நீரிலிருந்து கல்சியம் அயன்களை அந்தப் படலத்துக்குள் செலுத்தி, அங்கிருக்கும் ஐதரசன் அயன்களை வெளியே தள்ளுகிறது. இதனால் உள்ளே அமிலத்தன்மை குறைகிறது. கல்சியம் காபனேற்று, அரகனைட்டு என்ற படிக வடிவில் படிகிறது. படிகங்கள் ஒழுங்காக அமைவதற்கு முருகையே சுரக்கும் புரதங்களும் வேண்டும். இவ்வளவுக்கும் சக்தி செலவாகிறது. ஆகவே, முருகைக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்பதும் கல் எப்படி வளர்கிறது என்று கேட்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் வருமானம் வெளிச்சம். பொலிப்பின் கலங்களுக்குள் நுண்ணிய அல்காக்கள் வாழ்கின்றன. அவை ஒளித்தொகுப்பில் ஆக்கும் சீனியிலும் கொழுப்பிலும் பெரும் பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகின்றன. தெளிந்த, ஆழங்குறைந்த கடலில் ஒரு முருகையின் நாளாந்தச் சக்தித் தேவையில் 90 சதவீதம் வரை, சில வேளை அதற்கு மேலும், இப்படியே கிடைத்துவிடும். 1950களில் தோமஸ் கொறோவும் நோறா கொறோவும் ஜமேக்காவில் கதிர்த்தொழிற்பாடுள்ள கல்சியம்-45ஐப் பயன்படுத்தி, வன்கூட்டில் கல்சியம் சேரும் வேகத்தை அளந்தார்கள். இருட்டில் வைத்தபோது வேகம் சரிந்தது. பின்னர் பல இனங்களில் நடந்த அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தால், பகல் வெளிச்சத்தில் கல் படியும் வேகம் இருட்டில் உள்ளதைவிடச் சராசரியாக மூன்று மடங்கு. கீழே போகப் போக வளர்ச்சி மந்தமாவதும், சில இனங்கள் வெளிச்சத்தை ஏந்திப் பிடிக்கத் தட்டுப் போல விரிவதும் இதனால்தான்.

ஆனால் அல்கா கொடுப்பது கறியில்லாத வெறுஞ்சோறு. அதில் சீனி உண்டு, நைதரசன் குறைவு. புரதம் கட்ட அது போதாது. அந்தக் குறையைத் தீர்க்க முருகை வேட்டையாடுகிறது. இரவானதும் பல இனங்கள் பரிசக்கொம்புகளை விரித்து, நீரோட்டத்தில் வரும் நுண்ணிய விலங்குப் பிளாந்தன்களைப் பிடிக்கின்றன. சில இனங்கள் சளியை விரித்து மிதக்கும் துணிக்கைகளையும் சேர்த்துக்கொள்கின்றன. மொனாக்கோவில் உள்ள ஆய்வகமொன்றில் ஸ்டைலோஃபோரா என்ற முருகையை இரு பிரிவாக வளர்த்து, ஒன்றுக்கு மட்டும் ஆட்டீமியாக் குஞ்சுகளை இரையாகக் கொடுத்தார்கள். உண்ட முருகைகளில் இழையம் தடித்தது, புரதம் கூடியது, உள்ளே இருக்கும் அல்காக்களும் பெருகின. வன்கூடு வளரும் வேகமும் கூடியது, பகலில் மட்டுமல்ல இருட்டிலும். கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி விஷயம். இரை அல்காவை வலுப்படுத்தி அதன் வழியாக மட்டும் உதவியிருந்தால், இருட்டில் வித்தியாசம் தெரிந்திருக்காது. உண்ட உணவு நேரடியாகவும் கல்லாகிறது: அமினோ அமிலங்கள் படிகங்களைத் தாங்கும் புரதத்துக்குப் போகின்றன, உணவு எரியும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டு காபனேற்றாக மாறுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இரை நல்லதென்றால், வயல் உரமும் கழிவுநீரும் கடலில் கலப்பதும் முருகைக்குச் சாப்பாடுதானே என்று சிலர் நினைக்கலாம். அப்படி அல்ல. கரைந்த நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் முதலில் உறிஞ்சுவது அல்கா. அது பெருகும்போது தான் ஆக்கியதைத் தன் வளர்ச்சிக்கே வைத்துக்கொள்கிறது; வீட்டுக்காரருக்கு வாடகை குறைகிறது. 1970களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் வண் றீ தீவில் பாறைத்திட்டொன்றுக்கு இந்த ஊட்டங்களைப் பல மாதங்கள் சேர்த்துப் பார்த்தார்கள். கல் படிதல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பொசுபேற்று மட்டும் கூடினால் மான்கொம்பு முருகை வேகமாக நீளலாம், ஆனால் வன்கூட்டின் அடர்த்தி குறைந்துவிடும். வெளியே பார்க்க வளர்ச்சி; உள்ளே பொந்து. ஓர் அலைக்கு முறியும்.

கலங்கல் இன்னொரு சிக்கல். சேறு வெளிச்சத்தை மறைக்கிறது; மேலே படியும் மண்ணைச் சளியால் தள்ளவும் சக்தி செலவாகிறது. கலங்கிய நீரையும் தாங்கும் இனங்கள் உண்டு, அவற்றுள் சில மிதக்கும் துணிக்கைகளைத் தின்று ஒருபகுதி இழப்பை ஈடுசெய்கின்றன. ஆனாலும் பாக்கு நீரிணை போன்ற ஆழங்குறைந்த கடலில் இழுவைமடி அடித்தளத்தை வாரிக்கொண்டு போகும்போது கிளம்பும் சேறு இயல்பான கலங்கல் அல்ல. நம் மீனவர்கள் இழுவைமடியைப் பற்றிப் பேசும்போது மீனையும் அறுபட்ட வலையையும் சொல்கிறார்கள். முருகையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெப்பம் வேறு விதமாகத் தாக்குகிறது. பெரும்பாலான பாறை முருகைகள் 18 பாகை செல்சியஸுக்குக் கீழே நன்றாக வளர்வதில்லை. வெப்பம் ஏற ஏற வளர்ச்சியும் கூடும், ஓர் எல்லை வரை. அந்த இடத்தின் வழமையான கோடை உச்சத்தை ஒரு பாகை தாண்டி வெப்பம் சில வாரங்கள் நீடித்தால், முருகை தன் அல்காக்களை இழந்து வெளிறிவிடும். முதல் வருமானம் நின்றுபோகும். கல் படிவதும் அநேகமாக நின்றுவிடும். 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக் கடலிலும் பெருமளவு முருகைகள் இப்படித்தான் மடிந்தன. திருகோணமலைப் பக்கம் அந்தமுறை பெரும்பாலும் தப்பியது. வெளிறிய பின்பும் எல்லாம் சாவதில்லை. ஹவாயில் மொன்ரிபோரா இனமொன்று வெளிறிய நிலையில் வழமையைவிடப் பல மடங்கு இரை பிடித்து, தன் சக்தித் தேவை முழுவதையும் அதன்மூலமே ஈடுசெய்தது பதிவாகியிருக்கிறது. பக்கத்தில் இருந்த வேறு இனங்களால் அது முடியவில்லை.

இந்த மாற்றங்களை முருகையே எழுதி வைக்கிறது. மரத்தின் ஆண்டு வளையம் போல வன்கூட்டிலும் அடர்ந்ததும் ஐதானதுமான பட்டைகள் உண்டு. அவை ஆண்டுக்கொரு சோடி என்பது 1972இல் உறுதியானது. அதற்கு உதவியது அமெரிக்கா எனிவெற்றொக் தீவில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகள்: வெடித்த ஆண்டுகளின் கதிர்த்தொழிற்பாடு முருகைக்குள் பட்டையாகப் பதிந்திருந்தது. குண்டு போட்ட திகதி கல்லுக்குள் கிடந்தது. இதே முறையில் பெரும் தடுப்புப் பவளத்திட்டின் 328 முருகைகளை ஆராய்ந்தவர்கள், 1990க்குப் பின் கல் படிதல் 14 சதவீதம் குறைந்ததாக 2009இல் அறிவித்தார்கள். வெப்ப அழுத்தத்தோடு, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கரைந்து கடலின் அமிலத்தன்மை கூடுவதையும் அவர்கள் காரணமாகச் சந்தேகித்தார்கள். தொழிற்புரட்சிக்குப் பின் கடலின் மேற்பரப்பில் ஐதரசன் அயன் செறிவு ஏறக்குறைய 30 சதவீதம் கூடியிருக்கிறது. வெளியே தள்ள வேண்டிய அயன் வெளியிலும் நிறைந்திருந்தால், தள்ளும் செலவு கூடும்.

மான்கொம்பு முருகை நல்ல இடத்தில் ஆண்டுக்குப் பத்து சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் நீளும். உருண்டையாக வளரும் பொரைட்டீஸ் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான். நெஞ்சளவு உயரமான ஒன்றைக் கண்டால் நூறு வயதுக்கு மேல் என்று கொள்ளலாம். ஒரு டைனமைற் அதை நொடியில் உடைக்கிறது. உடைந்த துண்டுகள் அலையில் உருண்டுகொண்டிருக்கும் வரை புதிய குடம்பிகள் ஒட்டிப் பிழைப்பது கடினம். தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புக்காக முருகை அகழப்பட்ட பெரலியவில் 2004 சுனாமி உள்நாடு வரை புகுந்து ரயிலையே புரட்டியது. சில கிலோமீற்றர் தெற்கே, பாறை எஞ்சியிருந்த ஹிக்கடுவையில் நீர் அவ்வளவு தூரம் ஏறவில்லை. கரையின் அமைப்பு போன்ற காரணங்களும் இருக்கலாம். ஆனால் ஆய்வாளர்கள் சுட்டியது முருகை அகழ்வை.

இன்று பல நாடுகளில் முறிந்த முருகைத் துண்டுகளைக் கம்பிச் சட்டங்களில் கட்டி நடுகிறார்கள். நிலாவெளிக்கு அப்பால் புறாத்தீவிலோ வேறெங்கோ நம் கடலில் அதைச் செய்ய முன்வருபவர்கள் துண்டைக் கட்டுவதற்கு முன் இடத்தைப் பார்க்க வேண்டும்: மழைக்குப் பின் நீர் எத்தனை நாளில் தெளிகிறது, இரையைக் கொண்டுவரும் நீரோட்டம் இருக்கிறதா, பக்கத்து விடுதியின் கழிவுக்குழாய் எங்கே திறக்கிறது என்று.