இலங்கையர்கோன் (1915–1961)

ஈழத்துச் சிறுகதையாசிரியர், நாடகாசிரியர், மொழிபெயர்ப்பாளர். இயற்பெயர் த. சிவஞானசுந்தரம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் காங்கேசன்துறைக்குத் தெற்கே உள்ள ஏழாலைக் கிராமத்தில் 1915இல் பிறந்தார். அரசாங்க சேவையில், பிரிவு நிர்வாக அலுவலரான காரியாதிகாரியாகக் கடமையாற்றினார். சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகியோருடன் சேர்த்து ஈழத்துச் சிறுகதையின் மூலவர் மூவர் என்று போற்றப்படுபவர். 1961இல், நாற்பத்தாறு வயதளவில், காலமானார்.

இதே இயற்பெயருடைய வேறு இருவரும் ஈழத்து எழுத்துலகில் உள்ளனர். 'மலைக்கொழுந்து' நாவலை எழுதிய மருத்துவப் பேராசிரியர் நந்தி ஒருவர். 'சிரித்திரன்' இதழை நடத்திய கேலிச்சித்திரக்காரர் சுந்தர் மற்றவர். மூவரும் புனைபெயராலேயே அறியப்பட்டதால் குழப்பம் பெரிதாக நேரவில்லை. எனினும் பழைய இதழ்களைப் புரட்டுவோர் இயற்பெயரை மட்டும் நம்பி முடிவுக்கு வருவது தகாது.

ஏழாலைச் சூழல்

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே காங்கேசன்துறைக்குப் போகும் வீதி சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை வழியாகக் கடலைத் தொடுகிறது. அவ்வீதியின் கிழக்குப் புறத்தில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே அமைந்தது ஏழாலை. புகையிலையும் வெங்காயமும் விளையும் ஊர் என்பதோடு, படிப்பின் ஊர் என்ற பெயரும் இலங்கையர்கோன் பிறப்பதற்கு முன்னரே அதற்குக் கிடைத்துவிட்டது. பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை 1876இல் இங்கே ஒரு பாடசாலையை நிறுவினார். சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் அங்கே ஆசிரியராக இருந்தார். தமிழிலும் வடமொழியிலும் ஒருங்கே வல்ல புலவர் அவர். காளிதாசனின் மேகதூதத்தை 'மேகதூதக் காரிகை' எனத் தமிழ்ச் செய்யுளாக்கியவர். 1922இல் புலவர் மறைந்தபோது சிவஞானசுந்தரம் சிறுபிள்ளை. ஆனால் வடமொழிச் சுவையும் இலக்கணக் கட்டுப்பாடும் அவ்வட்டாரத்துப் படிப்பாளிகளிடம் ஊறிக் கிடந்தன. இலங்கையர்கோனின் தொடக்கக் கதைகளில் சொற்கள் ஏன் அத்தனை மெருகோடு வந்து விழுகின்றன என்று கேட்போர் இந்த மண்ணிலிருந்தே தொடங்க வேண்டும்.

புதுமை வந்தது ரயிலில். 1902இல் குடாநாட்டினுள் ஓடத் தொடங்கிய ரயில், 1905இல் காங்கேசன்துறையைக் கொழும்புடன் இணைத்தது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவை நடந்ததால், சென்னையில் அச்சாகும் இதழ்கள் கடல் கடந்து தலைமன்னாருக்கும், அங்கிருந்து ரயிலேறிச் சுன்னாகம் நிலையத்துக்கும் வந்து சேர்ந்தன. 1930களில் 'கலைமகள்', 'மணிக்கொடி' ஆகியவற்றுக்கு யாழ்ப்பாணத்து வாசகர்கள் காத்துக் கிடந்தனர். அவர்களிற் சிலர் அந்த இதழ்களுக்கே எழுதத் தலைப்பட்டனர். வைத்தியலிங்கமும் ஏழாலையைச் சேர்ந்தவரே. தமிழ்ச் சிறுகதையின் தொடக்க காலத்தில் ஒரே கிராமம் இரண்டு முதன்மை எழுத்தாளரைத் தந்தது தற்செயலன்று. மேலே சொன்ன பள்ளிக்கூடமும் ரயில்பாதையும் சேர்ந்த இடத்தில் அது நிகழ்ந்தது.

மூன்றாவது காரணம் உள்ளூர் அச்சகம். குரும்பசிட்டியைச் சேர்ந்த நா. பொன்னையா சுன்னாகத்தில் திருமகள் அழுத்தகத்தை நடத்தி, 1930இல் 'ஈழகேசரி' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதே அச்சகம்தான் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரின் குறிப்புகளோடு தொல்காப்பிய உரைகளை வெளியிட்டது. பழைய இலக்கணமும் புதிய சிறுகதையும் ஒரே அச்சுக்கூடத்து எழுத்துகளால் கோக்கப்பட்டன என்பது ஈழத்து இலக்கிய வரலாற்றில் உரிய அழுத்தம் பெறாத செய்தி. சோ. சிவபாதசுந்தரம் 'ஈழகேசரி'யின் ஆசிரியப் பொறுப்பில் இருந்த 1930களின் இறுதியும் 1940களின் தொடக்கமும் அதன் பொற்காலம். புனைகதைக்கு அவர் கொடுத்த இடம் இலங்கையர்கோன் முதலியோருக்குச் சொந்த மண்ணில் ஒரு மேடையாயிற்று. சென்னையில் பெயர் பெற்ற பின்னரே ஊரில் மதிப்பு என்ற நிலையை 'ஈழகேசரி' மாற்றியது.

சிறுகதைகள்

பதினெட்டு வயதளவில் எழுதிய 'மரியா மதலேனா' அவரது முதற் கதை. அது 'கலைமகள்' இதழில் வெளிவந்தது. சைவக் குடும்பத்து இளைஞர் ஒருவர் விவிலியப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுத்துலகிற் புகுந்தது கவனிக்கத்தக்கது. கிறிஸ்தவ மிஷன் பாடசாலைகள் நூறாண்டுக்கு மேலாக வேரூன்றியிருந்த, ஏழாலை அடங்கிய வலிகாமத்தில் அது விந்தையும் அன்று. தொடர்ந்து 'மணிக்கொடி', 'ஈழகேசரி' உட்பட இரு கரைகளின் இதழ்களிலும் எழுதினார்.

அவர் கதைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, புராணத்திலும் சமய நூல்களிலும் இருந்து எடுத்த பொருளை மனித உணர்வின் வழியே திரும்பச் சொல்லும் கதைகள். 'மரியா மதலேனா'வும் 'மேனகை'யும் இவ்வகை. பாவம், தவம், உடலின் ஈர்ப்பு என்பனவே இவற்றின் உள்ளீடு. மணிக்கொடிக் காலத்தில் புதுமைப்பித்தனும் பழங்கதைகளைப் புரட்டிப் போட்டார். அவரிடம் உள்ள சீற்றம் இலங்கையர்கோனிடம் இல்லை. இவர் பாத்திரத்தின் அருகே அமர்ந்து அதன் மூச்சைக் கேட்கிறார்.

இரண்டாவது, இலங்கை வரலாற்றையும் மரபுக் கதைகளையும் களமாகக் கொண்டவை. தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பனின் மலைக்கோட்டையை நினைவூட்டும் 'சிகிரியா', அநுராதபுரத்து அரசியின் பெயர் தாங்கிய 'அனுலா', மணற்றிடலைப் பரிசாகப் பெற்ற பாணனின் மரபை ஒட்டிய 'யாழ்ப்பாடி' ஆகியவற்றைக் கூறலாம். சிங்கள வரலாற்றுக் களங்களைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் இவர் முக்கியமானவர். தமிழகத்து வாசகர் சோழரையும் பல்லவரையும் வரலாற்றுக் கதையில் தேடிய காலத்தில், ஈழத்தவருக்குத் தம் தீவின் பழமையே போதும் என்று இவர் காட்டினார்.

மூன்றாவதும் சிறந்ததும், யாழ்ப்பாணத்து நிகழ்கால வாழ்வைச் சொல்லும் கதைகள். 'வெள்ளிப்பாதசரம்', 'மச்சாள்', 'தாழை நிழலிலே' முதலியன இதில் அடங்கும். இவற்றுள் 'வெள்ளிப்பாதசரம்' தலையாயது. புதிதாக மணம் முடித்த செல்லையாவும் நல்லம்மாவும் வடமராட்சியிலுள்ள வல்லிபுரக் கோவில் திருவிழாவுக்கு வருகிறார்கள். மணற்காட்டில் திரண்ட சனக்கூட்டத்தில் அவளுடைய வெள்ளிப் பாதசரத்தில் ஒன்று தொலைந்துபோகிறது. கணவன் சினந்து பேசுகிறான்; அவள் அழுகிறாள். வீடு திரும்பும் இரவுக்குள் அந்தப் பிணக்குக் கரைகிறது. கதை இவ்வளவுதான். திருட்டு, மரணம், துரோகம் என்று எதுவும் நிகழ்வதில்லை. வியர்வை சிந்தி உழைத்த காசில் வாங்கிய நகை தொலைந்ததில் உள்ள நோவும், முதன்முதலாகக் கணவனிடம் ஏச்சு வாங்கிய பெண்ணின் நோவும் ஒன்றோடொன்று மோதுகின்றன. எது பெரிது என்று அவனுக்கு விளங்குவதே கதையின் அசைவு. வடமராட்சி மணலும் மாட்டுவண்டியும் திருவிழாக் கடைகளும் இங்கே வெறும் பின்னணி அல்ல. அந்தப் பெண்ணின் கால் எந்த மண்ணில் நடந்தது என்பது தெரிந்தால்தான் பாதசரத்தின் பெறுமதி தெரியும்.

இலங்கையர்கோன், வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகிய மூவரையும் தமிழகத்தைப் பார்த்து எழுதியவர்கள், கற்பனையில் மிதந்தவர்கள் என்று 1950களுக்குப் பின் வந்த முற்போக்கு விமர்சனம் ஒதுக்கியது. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் வலுப்பெற்ற பின், சாதிக் கொடுமையும் வர்க்கப் போராட்டமும் எழுத்தின் தலைப்பொருள் ஆயின. அந்த அளவுகோலில் இலங்கையர்கோன் குறைந்து தெரிவது இயல்பு. ஆனால் 'வெள்ளிப்பாதசரம்' போன்ற கதையில் ஊரும் பேச்சும் உழைப்பும் இருக்கும் விதத்தைக் கண்டவர் அக்கூற்றை ஏற்கமாட்டார். அதுபோலவே, ஆனல்ட் சதாசிவம்பிள்ளையின் 'நன்னெறிக் கதாசங்கிரகம்' (1869) ஈழத்துச் சிறுகதையின் தொடக்கம் என்ற கருத்தும் பொருந்தாது. நீதிக்கதைத் தொகுப்பு வேறு, சிறுகதை வேறு. கலைவடிவமாகச் சிறுகதை ஈழத்தில் தொடங்குவது இம்மூவரோடுதான்.

நாடகங்கள்

இலங்கையர்கோனின் நாடகங்களை அறிய, யாழ்ப்பாணத்து அரங்கு அன்று எப்படி இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். கூத்தும் இசை நாடகமும் விடிய விடிய ஆடப்பட்டன. காங்கேசன்துறையிற் பிறந்த நடிகமணி வி. வி. வைரமுத்து தம் வசந்த கான சபாவின் மூலம் அரிச்சந்திர மயான காண்டத்தை ஊரூராக ஆடி, ஆயிரக்கணக்கானோரை அழவைத்தார். மறுபுறம் படித்த வர்க்கத்தினர், கலையரசு க. சொர்ணலிங்கம் காட்டிய வழியில், பம்மல் சம்பந்த முதலியார் பாணி நாடகங்களை மேடையேற்றினர். இரண்டிலும் பாத்திரங்கள் யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் பேசுவதுபோலப் பேசவில்லை. அந்தப் பேச்சை நாடகத்துக்குத் தகுதியாக்கியவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. அவரது 'நானாடகம்' 1940இலும் 'இருநாடகம்' 1952இலும் நூலாயின. 'உடையார் மிடுக்கு' முதலிய அவரது நாடகங்கள் பல்கலைக்கழக மாணவர் மேடையிற் பிறந்தவை.

கணபதிப்பிள்ளை திறந்த வாசலை அகலமாக்கியவர் இலங்கையர்கோன். 'பச்சோந்திகள்', 'மிஸ்டர் குகதாசன்', 'லண்டன் கந்தையா', 'விதானையார் வீட்டில்', 'கொழும்பிலே கந்தையா' ஆகியன அவர் எழுதிய சமூக நாடகங்கள். சிலப்பதிகார மாதவியைப் பொருளாகக் கொண்ட 'மாதவி மடந்தை' இவற்றிலிருந்து விலகி நிற்பது.

இவற்றுள் சில இலங்கை வானொலி வழியாக மக்களிடம் சேர்ந்தன. வானொலியில் தமிழ் நாடகங்களைத் தயாரித்த 'சானா' சண்முகநாதன், ஓவியம் பயின்றவர்; ஆட்களின் சாயலைக் கோட்டிலும் குரலிலும் பிடிக்கும் வல்லமை அவருக்கு இருந்தது. 'லண்டன் கந்தையா'வில் கந்தையாவாக நடித்தவரும் அவரே. வானொலிப் பெட்டி உள்ள வீட்டு விறாந்தையில் அயலட்டையே கூடியிருந்து கேட்ட காலம் அது. தம் வாய்ப்பேச்சு கொழும்பிலிருந்து திரும்பித் தம் காதில் விழுவதைக் கேட்ட மக்களுக்கு அது பெரும் மகிழ்ச்சி.

காரியாதிகாரி வேலை இந்நாடகங்களுக்கு ஊட்டம் தந்தது. ஊர்த் தலைமைக்காரரான விதானைமார் அனைவரும் காரியாதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர்கள். ஊரில் எல்லைச் சண்டை, களவு, பங்கீடு, பிறப்பு இறப்பு எதுவானாலும் விதானையார் வீட்டுப் படலை திறந்தே ஆக வேண்டும். அதன் பின் பெட்டிசமாக அது காரியாதிகாரியின் மேசைக்கு வரும். வேலிக்கு மேலால் கேட்கும் ஏச்சையும் பெட்டிசத்தில் எழுதப்படும் பணிவான தமிழையும் ஒருவர் ஒரே நாளிற் கண்டால், மனிதர் இடத்துக்கு இடம் மொழியை மாற்றும் சாதுரியம் அவருக்கு விளங்காமற் போகாது. 'விதானையார் வீட்டில்' அந்த முற்றத்தையே மேடையாக்கியது. விதானை முறை 1963இல் நீக்கப்பட்டுக் கிராமசேவகர் பதவி ஏற்பட்டது. ஆகவே, மறைய இருந்த ஓர் அதிகார அமைப்பின் வீட்டுப் பக்கத்தை உள்ளிருந்து பார்த்தவரின் எழுத்து என்ற மதிப்பும் இந்நாடகத்துக்கு உண்டு.

சிறுகதைகளில் ஆசிரியர் கூற்று செந்தமிழில் நடக்க, நாடகங்களில் முழுவதும் யாழ்ப்பாணப் பேச்சுமொழி ஆள்கிறது. இவ்விரண்டும் ஒருவரே எழுதியவையா என்று ஐயுறும் அளவுக்கு வேறுபாடு தெரியும். மேனகையின் தவிப்பை எழுதிய கை கந்தையாவின் வாய்ச்சவடாலையும் எழுதியது. இரண்டுக்கும் நடுவே நிற்பது 'வெள்ளிப்பாதசரம்'. செதுக்கிய உரைநடையும் கிராமத்துப் பேச்சும் அங்கே ஒன்றையொன்று கெடுக்காமல் சேர்கின்றன. சிறுகதையாசிரியர் என்ற புகழ் அவரது நாடகங்களை மறைத்துவிட்டது. கணபதிப்பிள்ளையின் நாடகங்கள் நூலாகிப் பாடமாகவும் நிலைத்தன. இலங்கையர்கோனின் வானொலிப் பிரதிகளுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. நகைச்சுவை என்ற ஒரே காரணத்தால் அவற்றைத் தாழ்த்துவது நேர்மையான மதிப்பீடாகாது.

மொழிபெயர்ப்பு

ரஷ்ய எழுத்தாளர் இவான் துர்கனேவ் 1860இல் வெளியிட்ட குறுநாவலை 'முதற் காதல்' என்ற பெயரில் தமிழாக்கினார். பதின்வயதுப் பையனின் ஏக்கத்தை மிகையின்றிச் சொல்லும் அந்நூலைத் தேர்ந்ததிலேயே அவரது ரசனை தெரிகிறது.

மறைவுக்குப் பின்

1961இல் அவர் மறைந்த பின், 1962இல், 'வெள்ளிப்பாதசரம்' என்ற தலைப்பிலேயே சிறுகதைத் தொகுதி நூலாக வந்தது. ஏறத்தாழ முப்பதாண்டு எழுத்து வாழ்வில் தம் கதைகளை நூலாக அவர் கண்ணாற் காணவில்லை. 1967இல் வெளிவந்த கா. சிவத்தம்பியின் 'தமிழிற் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்' போன்ற நூல்களுக்குப் பிறகு பல்கலைக்கழக ஆய்வுகளிலும் ஈழத்துச் சிறுகதை தனித்துப் பேசப்படலாயிற்று. 'வெள்ளிப்பாதசரம்' ஈழத்துச் சிறுகதைத் தொகைநூல்களில் மீண்டும் மீண்டும் சேர்க்கப்பட்டு வருகிறது. நாடகங்கள் அரிதாகவே கிடைக்கின்றன.