தாழியும் பதிவேடும்: தென்கோடித் திருநெல்வேலியில் பழம்பொருள் காத்தோர்

கூடங்குளம் என்னும் பெயர் இன்று உலகத்தார் வாயில் வழங்குவது அணுமின் நிலையத்தைக் கொண்டேயாம். இந்தியாவும் சோவியத் நாடும் 1988ஆம் ஆண்டு நவம்பரில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி எழுந்த அந்நிலையத்தில் 2013ஆம் ஆண்டில் முதல் உலை இயங்கத் தொடங்கியது. அது முதல் அவ்வூர் செய்தித்தாளின் ஊராயிற்று. ஆயினும் அதற்கு முன்பும் அது ஊராகவே இருந்தது. மேற்கே மலையும், தெற்கே கடலும், வடகிழக்கே செம்மணல் தேரிகளும் சூழ்ந்த அப்பகுதியில் பனையேறியும் மீன்பிடித்தும் மக்கள் பல தலைமுறை வாழ்ந்தனர். அவர்களுடைய வாழ்வின் தடயங்கள் எங்கே, யாரிடம் உள்ளன என்று கேட்டால், அரசு அருங்காட்சியகங்களை மட்டும் சுட்டிக்காட்டி நாம் அமைந்துவிட இயலாது. ஊதியமும் உத்தரவும் இன்றிப் பழம்பொருளைப் பேணிய சிலரைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. அவர்களுள் நம் திருச்சபையைச் சார்ந்தோரும் உளர். ஆகவே இப்பொருள் இவ்விதழின் வாசகர்க்கு அயலானதன்று.

கூடங்குளத்திற்கு வடகிழக்கே, தேரி நிலத்தை ஒட்டி, இடையன்குடி உள்ளது. 1841ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு வந்து சேர்ந்த இராபர்ட் கால்டுவெல்லை நாம் மொழிநூல் அறிஞராகவும் அத்தியட்சராகவும் அறிவோம். 1856இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அறியாதார் தமிழ் நாட்டில் அரியர். ஆனால் அவர் மண்ணைத் தோண்டிப் பார்த்தவர் என்பதைப் பலர் நினைப்பதில்லை. 1876-77ஆம் ஆண்டுகளில், தாமிரவருணி கடலோடு கலக்கும் பகுதியிலுள்ள கொற்கையில் அவர் அகழ்வு நடத்தி, முதுமக்கள் தாழிகளைக் கண்டு, அதனை ஆய்வுப் பத்திரிகை ஒன்றில் எழுதி வெளியிட்டார். அக்காலத்தில் அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. தொல்லியல் அவருடைய தொழிலன்று. மிஷன் சங்கம் அதற்காக அவரை அனுப்பவுமில்லை. கொற்கை பாண்டியரின் பழந்துறைமுகம் என்று நூல்களில் கண்டதை நிலத்திலும் காண வேண்டும் என்னும் வேட்கையே அவரை அங்குச் செலுத்தியது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1968-69இல், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அதே கொற்கையில் அகழ்ந்தனர். அங்குக் கிடைத்த கரித்துண்டு கி.மு. 785ஐ ஒட்டிய காலத்தது எனக் கணிக்கப்பட்டபோது, முதியவரான அக்குருவானவரின் மண்வெட்டி தவறான இடத்தில் விழவில்லை என்பது புலனாயிற்று.

1881ஆம் ஆண்டில் கால்டுவெல் இரு நூல்களை வெளியிட்டார். ஒன்று திருநெல்வேலிச் சீமையின் அரசியல் வரலாறு. மற்றொன்று திருநெல்வேலி மிஷனின் ஆதி வரலாற்றுக் குறிப்புகள். முன்னதனைப் பல்கலைக்கழகத்தார் இன்றும் எடுத்தாளுகின்றனர். பின்னதனை நம் மாணவர்கள் மறந்துவிட்டனர். எனினும் நம் பொருளுக்கு நெருங்கியது பின்னதே. பழைய மிஷனெரிகளின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் சபை ஏடுகளையும் தேடிச் சேர்த்து எழுதப்பட்ட நூல் அது. கறையான் முந்திக்கொள்வதற்குள் ஒருவர் அவற்றைப் படித்தார் என்பதே அதன் சிறப்பு.

அவ்வேடுகளுள் தலையாயது 1780ஆம் ஆண்டின் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேடு. அதில் நாற்பது பேரின் பெயர்கள் உள்ளன. சுவார்ட்ஸ் ஐயரிடம் 1778இல் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா அம்மையாரைச் சுற்றி உருவான சிறு கூட்டம் அது. அவர் முயற்சியால் 1785இல் எழுந்த சிற்றாலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊரார் இன்றும் சொல்வர். அந்த நாற்பது பெயர்களைக் கொண்டே திருநெல்வேலித் திருமண்டலம் தன் பிறந்த ஆண்டைக் கணக்கிடுகிறது. ஓர் ஏட்டின் சில பக்கங்கள் ஒரு திருமண்டலத்தின் வயதைத் தீர்மானிக்கின்றன என்றால், அவ்வேடு பொன்முடிக்குக் குறைந்ததோ? முதலூரின் வரலாறும் அவ்வாறே. துன்புறுத்தப்பட்ட விசுவாசிகளுக்காகத் தாவீது சுந்தரானந்தம் 1799இல் அவ்வூரை அமைத்ததை நாம் அறிவது, யாரோ எழுதி வைத்ததனாலும், எழுதியதை வேறு யாரோ எறிந்துவிடாததனாலும் ஆகும்.

பொன்முடி என்றோம், அதற்குரிய இடம் ஆதிச்சநல்லூர். தாமிரவருணியின் தென்கரையிலுள்ள அப்பரம்பில் 1876ஆம் ஆண்டு ஜெர்மானியரான யாகோர் தோண்டினார். கிடைத்தவை பெர்லின் நகருக்குச் சென்றன. 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாந்தர் இரீ என்பவர் 114 ஏக்கர்ப் பரப்புள்ள அவ்விடத்தில் ஆராய்ந்தார். பொன்னாலாகிய நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்புக் கருவிகள் முதலியன வெளிப்பட்டன. அவை சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. ஆதிச்சநல்லூராருக்கு எஞ்சியது பரம்பும், உடைந்த ஓடுகளுமே. 2004-05இல் நடுவண் தொல்லியல் துறையினர் மீண்டும் அகழ்ந்து நூற்றறுபதுக்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டனர். ஆனால் அதன் அறிக்கை பல்லாண்டு வெளிவரவில்லை. முத்தாலங்குறிச்சி காமராசு என்னும் எழுத்தாளர் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்குத் தொடுத்தார். அதன் தொடர்ச்சியாகவே 2019இல் கி.மு. 905, கி.மு. 696 எனும் காலக் கணிப்புகள் நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் ஆதிச்சநல்லூரின் பெயர் இடம்பெற்றது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் அகழ்குழியின்மீதே கண்ணாடித் தளமிட்டு அமைத்த காட்சியிடம் திறக்கப்பட்டது. தாழி தான் புதைந்த இடத்திலேயே காணப்படும் நிலை வருவதற்கு, யாகோர் வந்த நாளிலிருந்து கணக்கிட்டால், 147 ஆண்டுகள் சென்றன. அவ்வூர்ப் பக்கத்து எழுத்தாளர் ஒருவர் தம் பொழுதைச் செலவிட்டு வழக்காடியிராவிடில் இன்னும் எத்தனை ஆண்டுகள் சென்றிருக்குமோ! அண்மையிலுள்ள சிவகளையிலும் பள்ளி ஆசிரியர் ஒருவர் பரம்பில் கிடந்தவற்றைப் பொறுக்கிச் சேர்த்து, அரசுக்குத் தெரிவித்த பின்னரே அகழ்வு நடந்தது. துறைகள் பின்னால் வருகின்றன. ஊர்க்காரர் ஒருவர் முன்னால் நிற்கிறார். இவ்வொழுங்கு தாமிரவருணிப் படுகையில் திரும்பத் திரும்பக் காணப்படுவது தற்செயலன்று.

சோழ நாட்டுக் கரையில் தரங்கம்பாடியும் இதற்குச் சான்று தரும். 1620இல் டேனியர் தொடங்கிய கோட்டையில் உள்ள சிற்றருங்காட்சியகத்தையும், ஊரின் பழைய கட்டடங்களையும் சீராக்கும் பணியில் டென்மார்க்கிலிருந்து வந்த தன்னார்வச் சங்கத்தார் பங்குகொண்டனர். 1706இல் அங்குக் கரையிறங்கிய சீகன்பால்கு ஐயரின் வீடு 2017இல் அருங்காட்சியகமாயிற்று; தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனமும் அதில் கைகோத்தன. ஆயின் அயலார் கடல் கடந்து வந்து பேணுவதைக் கண்டு நாம் மகிழ்வதோடு சிறிது நாணவும் வேண்டும்.

ஏனெனில் நம் கையில் உள்ளவற்றை நாம் நடத்தும் விதம் வேறு. பழைய ஆலயம் சபையார்க்குப் போதவில்லை என்றதும் அதனை இடித்துப் பெரிதாகக் கட்டுவதே வளர்ச்சி என்னும் எண்ணம் சேகரந்தோறும் பரவியுள்ளது. இடிக்கும் நாளில் அடிக்கல்லின் எழுத்தைப் படியெடுப்பார் இல்லை. பழைய தேக்கு மரப் பலிபீட வேலி தச்சனிடம் போகிறது. உபதேசியார்களின் நாட்குறிப்புகள் பழைய தாள்காரரின் தராசில் ஏறுகின்றன. கல்லறைத்தோட்டத்துக் கற்கள் துணி துவைக்கப் பயன்படுவதையும் நாம் கண்டிருக்கிறோம். ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் மட்டும் சட்டத்திற்கு அஞ்சி அலமாரியில் இருக்கின்றன. ஆனால் அலமாரிக்குள் இராமபாணப் பூச்சி சட்டத்திற்கு அஞ்சுவதில்லை. ஒரு சிற்றூரில் எந்த ஆண்டு வாந்திபேதி எத்தனை குழந்தைகளைக் கொண்டுபோயிற்று, எந்தப் பஞ்சத்தில் எத்தனை குடும்பங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போயின என்பதை அந்த அடக்கப் பதிவேடும் சபைக் கணக்குமே சொல்லும். அரசு ஆவணத்தில் எண் இருக்கும்; பெயர் நம்மிடமே இருக்கும்.

இவற்றைத் தேடி அலைந்தோரும் நம்மிடையே இருந்தனர். டி.ஏ. கிறிஸ்துதாஸ் அவர்கள் ரேனியஸ் முதலிய மிஷனெரிகளின் வரலாறுகளைத் தமிழில் எழுதிய பாங்கை மூத்த குருவானவர்கள் அறிவர். பால் அப்பாசாமி 1923இல் சி.எம்.எஸ். சபையின் நூற்றாண்டு வரலாற்றை எழுதினார். அத்தகையோர் நூல்களின் அடிக்குறிப்பில் வரும் ஏடுகளுள் எத்தனை இன்று உள்ளன என்று ஓர் இறையியல் மாணவர் சென்று பார்த்து எழுதினால், அது பட்டத்திற்குரிய ஆய்வாகவே அமையும்.

இனி இடையன்குடிக்குத் திரும்புவோம். கால்டுவெல் 1847இல் அடிக்கல் நாட்டிய தூய திரித்துவ ஆலயம் 1880இல் பிரதிஷ்டை பெற்றது. முப்பத்துமூன்று ஆண்டு வேலை! 1891ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் கொடைக்கானலில் இறந்த அவருடைய உடல் அங்குக் கொண்டுவரப்பட்டு ஆலயத்தினுள் அடக்கம் செய்யப்பட்டது. அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழ்நாடு அரசு நினைவு இல்லமாக்கிற்று. ஆலயத்தில் ஆராதனை ஒழியாது நடைபெறுகிறது. அதனாலேயே கட்டடமும் நிற்கிறது. பயன்படும் பொருளே பிழைக்கும் என்பது பழம்பொருள் காப்போர் அனைவரும் அறிந்த உண்மை.

ஆனால் நினைவு இல்லத்திற்கு வருவோருக்கு எதைச் சொல்லுவது? இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் ஆகாது. 1849ஆம் ஆண்டில் கால்டுவெல், தாம் ஊழியம் செய்த மக்களின் அந்நாளைய சாதிப் பெயரையே தலைப்பாகக் கொண்டு ஒரு நூல் எழுதினார். அம்மக்களின் அறிவையும் பண்பையும் தாழ்த்திப் பேசிய பகுதிகள் அதில் இருந்தன. கல்வி பெற்ற அடுத்த தலைமுறையினர் அதனைப் படித்தபோது அடைந்த வேதனை சிறிதன்று; பின்னாளில் கடும் எதிர்ப்பும் எழுந்தது. நாசரேத்துப் பகுதியில் மிஷனெரியோடு ஏற்பட்ட பிணக்கினால் விலகிய அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, அந்நூலாலும் மனம் புண்பட்டவராய், 1857இல் ஐரோப்பியர் கட்டுப்பாடற்ற ஒரு சபையைப் பிரகாசபுரத்தில் நிறுவினார். ஓய்வுநாளைச் சனிக்கிழமையில் கொண்டாடிப் பழைய ஏற்பாட்டு முறைகளைத் தழுவிய அச்சபை, இந்தியக் கிறிஸ்தவர் தம் காலில் நிற்க எடுத்த முதல் முயற்சிகளுள் ஒன்று. இறையியல் கல்லூரிகளில் சுதேசித் திருச்சபை பற்றிப் பேசும் நாம், வங்காளத்து உதாரணங்களைத் தேடிப் போகுமுன் பிரகாசபுரத்திற்குப் போயிருக்க வேண்டும்.

எனவே கால்டுவெல்லைக் காட்டும் இடத்தில் சட்டாம்பிள்ளையையும் காட்டவேண்டும் என்பது நம் கருத்து. பெருமை மட்டும் வைத்த காட்சிக்கூடம் ஆண்டு விழாப் பந்தலாகிவிடும். மொழிக்குப் பெருமை தேடித் தந்தவரே மக்களைக் குறைத்தும் எழுதினார். அவ்விரண்டும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் எழுதப்பட்டவையாக இருக்கலாம். அங்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதனைப் பொறுமையோடு விளக்கக் கூடியவர் அரசு நியமிக்கும் காவலர் அல்லர். அவ்வூரின் நிலமும் உறவும் மனத்தாங்கலும் அறிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரோ, சபை மூப்பரோ, வாலிபர் சங்கத்தாரோதான் அதைச் செய்ய முடியும்.

வேதத்தில் இதற்கு இருவகை முன்மாதிரி உண்டு. யோசுவா நான்காம் அதிகாரத்தில், யோர்தானினின்று எடுத்த பன்னிரண்டு கற்கள் கில்காலில் நாட்டப்படுகின்றன. பிற்காலத்துப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள் என்பதே அவற்றை நாட்டியதற்குக் காரணம். கல் பதில் சொல்லாது, பெற்றோரே சொல்ல வேண்டும். இரண்டாம் இராஜாக்கள் பதினெட்டாம் அதிகாரத்திலோ, மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தை எசேக்கியா உடைத்துப் போடுகிறான். அஃது உண்மையான பழம்பொருளே. ஆனால் ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கிவிட்டனர். மிஷனெரிகளின் நாற்காலிக்கும் கைத்தடிக்கும் மாலையிடும் சபைகள் இவ்விரண்டாம் அதிகாரத்தை அவ்வப்போது வாசித்தல் நன்று. அந்நாற்காலியைச் செய்த தச்சன் யார், அதைச் சுமந்தவர் யார் என்று எழுதி ஒட்டினால், அது தூபத்திற்குரிய பொருளாக இராது.

செய்யத்தக்கவை பெரும் பொருட்செலவு கோருவனவல்ல. சேகரத்தில் உள்ள ஏடுகள், கற்கள், மணிகள், பாத்திரங்கள் ஆகியவற்றுக்கு எண்ணிட்டு ஒரு பட்டியல் எழுதி, அதன் படியைத் திருமண்டல அலுவலகத்தில் வைக்கலாம். கைப்பேசி வைத்திராத வாலிபர் இன்று இல்லை. பதிவேட்டின் பக்கங்களைப் பகல் வெளிச்சத்தில் படமெடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும். பழந்தாளைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துச் சூட்டால் ஒட்டிவிடுதல் அதனைக் காப்பதாகாது, கொல்வதாகும். ஓலைச்சுவடியாயின் புல்தைலம் தடவும் பழைய முறையை அறிந்தவரைக் கேட்க வேண்டும். குருவானவர் மாற்றம் பெற்றுப் போகும்போது ஆலயப் பாத்திரங்களைக் கணக்கு ஒப்புவிப்பது போலவே இவற்றையும் ஒப்புவிக்கும் வழக்கம் வருமாயின் பாதி இழப்பு நின்றுவிடும்.

பழையது என்றால் நூறாண்டு கடந்தது என்றே எண்ணவும் வேண்டா. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையில் புதுக்குடியிருப்புகள் எழுந்தன. 2011ஆம் ஆண்டு முதல் இடிந்தகரை மாதா கோயில் முற்றத்தில் மாதக்கணக்கில் மக்கள் அமர்ந்து அணு உலையை எதிர்த்தனர். நிலையத்தில் வேலை பெற்று வாழ்வு கண்ட குடும்பங்களும் அதே வட்டாரத்தில் உண்டு. அந்நாள்களில் அச்சிட்ட துண்டறிக்கைகள், சபைகளில் ஏறெடுத்த விண்ணப்பங்களின் எழுத்துப்படிகள், போராடிய பெண்களின் வாய்மொழிகள், நிலையத்தில் பணிபுரிந்தோரின் நினைவுகள் ஆகியவற்றுள் எவையெவை யார் வீட்டுப் பரணில் உள்ளன என்பதை, கத்தோலிக்கர் சீர்திருத்தச் சபையார் என்னும் வேறுபாடின்றி, அப்பகுதியின் குருமார் இப்பொழுதே விசாரித்துக் குறித்து வைக்கலாம். அவற்றைச் சொல்லக்கூடியவர்களுட் பலர் இன்னும் உயிரோடிருக்கின்றனர்.