சி.எஸ்.ஐ: 28 வருஷம் நடந்த கல்யாணப் பேச்சு

கிறிஸ்தவ நண்பர்கள் ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று பேசிக்கொள்ளும்போது பாதி புரியாமல் மண்டையாட்டும் கோஷ்டியா நீங்க? அப்ப இந்தப் பதிவு உங்களுக்குத்தான். ஆர்.சி. என்றால் போப், பெந்தெகொஸ்தே என்றால் வளர்ந்தபின் முழுக்கு ஞானஸ்நானம், அந்நிய பாஷை. இதுவரைக்கும் சுலபம். நடுவில் இருக்கிற புராட்டஸ்டண்ட்காரங்களுக்குள்ள என்ன தகராறு? எனக்கு அதைப் புரியவைத்தது சி.எஸ்.ஐ. பிறந்த கதை.

இங்கே யார் எந்தச் சபை என்பதைப் பெரும்பாலும் முடிவு பண்ணினது பைபிள் இல்லை, மேப்பு. மிஷனரிகள் ஏரியா பிரித்துக்கொண்டார்கள். நாகர்கோவில் லண்டன் மிஷன், மதுரை அமெரிக்கன் மிஷன், தரங்கம்பாடி பக்கம் லுத்தரன், திருநெல்வேலி ஆங்கிலிக்கன். ஐரோப்பாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போட்ட சண்டையை நம்மாளுங்க ஊர்வாரியா பங்கு வாங்கிக்கிட்டாங்க. நாகர்கோவில்காரர் பாளையங்கோட்டைக்குக் குடிபோனால், பிஷப் கைவைத்துத் திடப்படுத்தாதவருக்குத் திருவிருந்து இல்லை என்று ஆங்கிலிக்கன் விதி சொல்லும். அதே இயேசு, அதே தமிழ், பந்தியில மட்டும் இடமில்லை!

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இரண்டு பேர் தவிர எல்லாரும் இந்தியர்கள். இந்தப் பிரிவுகள் எங்கள் மேல் வெளியிலிருந்து சுமத்தப்பட்டவை என்று பட்டென்று சொல்லிட்டாங்க. முன்னால் நின்றவர் வி.எஸ். அசரியா. திருநெல்வேலிச் சீமைக்காரர், 1912இல் தோர்ணக்கல்லில் பிஷப் ஆன முதல் இந்திய ஆங்கிலிக்கன்.

அப்புறம் ஏன் 28 வருஷம்? சிக்கல் பிஷப்பில்தான். அப்போஸ்தலர் காலத்திலிருந்து கைமேல் கையாக வரும் தொடர்ச்சியில் உள்ள பிஷப்தான் குருப்பட்டம் தரணும் என்பது ஆங்கிலிக்கன் கட்சி. மூப்பர் சங்கம் போதும் என்பார் பிரஸ்பிட்டேரியன். சபையே போதும் என்பார் காங்கிரிகேஷனல். சரி, சேரலாம், ஆனால் முப்பது வருஷம் ஊழியம் செய்த ஐயரிடம் போய், "மறுபடி பட்டம் வாங்குங்க" என்றால் என்ன அர்த்தம்? இத்தனை நாள் அவர் கொடுத்த திருவிருந்து செல்லாது என்றுதானே! எந்த மனுஷன் ஒத்துக்குவான்?

கடைசியில் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஏற்கெனவே பட்டம் பெற்ற எல்லாரும் அப்படியே செல்லும், மறுபட்டம் கிடையாது. இனிமேல் வருபவர்களுக்கு மட்டும் பிஷப் கையால் பட்டம். மனசாட்சிப்படி ஏற்காத சபை மேல் எந்த ஊழியரையும் திணிக்கக் கூடாது. முப்பது வருஷம் கழித்து மறுபடி பேசிக்கலாம். எங்க பாஷையில் பக்கா பேக்வர்ட் கம்பேட்டபிலிட்டி. இதை எதிர்த்து 1943இல் லண்டனில் தனிப் பிரசுரமே எழுதினார் ஒருத்தர். யாரு? கவிஞர் டி.எஸ். எலியட்! நம்மூர் ஐயர்களின் பட்டம் அவருக்கு அவ்வளவு உறுத்தியிருக்கு.

1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், முன்பே 1908இல் இணைந்திருந்த பிரஸ்பிட்டேரியன்-காங்கிரிகேஷனல் சபைகள் ஒன்றாயின. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1 அன்றே இறந்துவிட்டார்.

லுத்தரன்கள் சேரவில்லை. இத்தனைக்கும் அவங்களுக்கு 1921லேயே பிஷப் உண்டு. அவங்க கணக்கே வேற: முதலில் உபதேசத்தில் ஒத்துப்போகணும், பிஷப்பெல்லாம் அப்புறம். கூட்டம் கூடி ஆரம்பிச்ச தரங்கம்பாடியே அவங்க ஊர்தான் என்பது இதில் தமாஷ்.

சிரியன் சபைகளைத் தொட்டால் தனிப் பதிவு வேணும். அடுத்த வாரம் பார்க்கலாம்.